மோஷன் டெஸ்ட் ‘நார்மல்’, ஆனால் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்து இரண்டு வாரம் தாண்டிவிட்டது, டாக்டர் மாற்றி டாக்டர் பார்த்தாச்சு, மோஷன் டெஸ்ட்டிலும் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது, இனி என்ன செய்வதென்று தெரியவில்லை என்றால் இது உங்களுக்குத்தான். போன வருஷம் என் பையனுக்கு ஒன்றரை வயதில் இது நடந்தது. ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தது. கையை விட்டுப் போனது பதினெட்டாயிரம் ரூபாய்ச் சொச்சம், அது போக லீவு போட்ட நாட்களுக்குச் சம்பளப் பிடித்தம். நான் மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள், மருத்துவம் படித்தவள் இல்லை. வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், மாதம் ஒரு தடவை வருவார். செல்லூரில் நானும் பையனும் மட்டும். இதில் வரும் மருத்துவ விஷயங்கள் கடைசியாகப் பார்த்த டாக்டரம்மா சொன்னதும், அதற்கப்புறம் நானே தேடிப் படித்ததும்.

அழகர் ஆற்றில் இறங்கிவிட்டு மலைக்குத் திரும்பிய வாரம் ஆரம்பித்தது. முதல் நாளே தண்ணீராக நாலைந்து தடவை போனான். லேசாகக் காய்ச்சல், ஒரு தடவை வாந்தி. ரத்தம் எதுவும் இல்லை. மாமியார் வாடிப்பட்டிப் பக்கம் ஊரில் இருக்கிறார், போனில் சொன்னதும், “அம்புட்டுக் கூட்டத்துல பச்சப் புள்ளயத் தூக்கிட்டுப் போனா கண்ணு படாமயா இருக்கும், அதுதேன்” என்றார். மாடி வீட்டு அக்கா, “கடவாப்பல்லு மொளைக்குதுல்ல, பேதி போகத்தேன் செய்யும்” என்றார். தெருமுனைப் பாட்டி குடல் ஏறியிருக்கிறது, தட்டிவிடுகிறேன் என்று வீட்டுக்கே வந்துவிட்டார், அவரைச் சமாளித்து அனுப்பியது தனிக் கதை. பல் முளைக்கும்போது குழந்தை எதையாவது எடுத்து வாயில் வைத்துக்கொண்டே இருக்கும், கிருமி அந்த வழியாகப் போகலாமே தவிர, பல்லுக்கும் நாள் கணக்காகத் தண்ணீராய்ப் போவதற்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டரம்மா பிற்பாடு சொன்னார். ஒரு மாதத்துக்குப் பிறகு கேட்டு என்ன செய்ய.

வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கிளினிக்கில் ஓஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் கலந்த கிருமிகொல்லி சிரப் ஒன்று எழுதிக்கொடுத்தார்கள். ஊரில் எந்தக் குழந்தைக்கு வயிறு போனாலும் அந்த சிரப்தான். ஓ.ஆர்.எஸ். கொடுங்கள் என்று வாயால் சொன்னதோடு சரி, எப்படிக் கலப்பது, எவ்வளவு கொடுப்பது என்று ஒரு வார்த்தை இல்லை. மெடிக்கலில் ஓ.ஆர்.எஸ். கேட்டால் ஆரஞ்சுச் சுவையில் ஒரு அட்டைப்பெட்டி ஜூஸை எடுத்து நீட்டினார் கடைக்காரர். அதில் சர்க்கரைதான் அதிகம். சர்க்கரை கூடினால் குடல் தண்ணீரை உள்ளே இழுத்துப் பேதி இன்னும் கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி இல்லாத பானங்கள் மேல் ஓ.ஆர்.எஸ். என்றே போடக்கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டுவிட்டது. இருந்தாலும் கடையில் எதை எடுத்துக் கொடுத்தாலும் திருப்பிப் படித்துப் பாருங்கள். வாங்க வேண்டியது பவுடர் பாக்கெட். பெரிய பாக்கெட் என்றால் முழுசாக ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு சொம்பில் பாதி பாக்கெட் என்று கண்ணளவு வேலையெல்லாம் ஆகாது. கலந்தது ஒரு நாளைக்கு மேல் இருந்தால் கொட்டிவிட வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, கரண்டியில் கொஞ்சம் கொஞ்சமாக. அதோடு துத்தநாகம், அதாவது ஜிங்க். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தினம் 20 மில்லிகிராம், 10 முதல் 14 நாள். 2004-லேயே உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சொல்லிவிட்ட விஷயம் இது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டையும் இலவசமாகவே தருகிறார்கள். முதலில் பார்த்த இரண்டு இடத்திலும் ஜிங்க் என்ற பேச்சே எழவில்லை.

சிரப் கொடுத்த பிறகு இரண்டு நாள் நின்றமாதிரி இருந்தது. மூன்றாம் நாள் மறுபடி. இப்படியே போகும், நிற்கும், போகும். நிற்கும்போது நமக்கு உயிர் வரும், கடைக்கு வேலைக்குப் போவோம், மதியம் மாடி வீட்டு அக்காவிடமிருந்து போன் வரும். இரண்டாம் வாரக் கடைசியில் ஒரு ராத்திரி கண் உள்ளே போய், அழுதால் கண்ணீர் வராமல், சாயந்திரத்திலிருந்து ஒண்ணுக்கே போகாமல் துவண்டு கிடந்தான். ஆட்டோ பிடித்து ஒரு நர்சிங் ஹோமுக்கு ஓடினேன். டிரிப் ஏற்றினார்கள், அது தேவைதான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதோடு ஊசியில் ஒரு ஆன்டிபயாடிக், வயிற்று ஸ்கேன், ரத்தத்தில் என்னென்னவோ டெஸ்ட் எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துக்கு மேல் பில். தோட்டை அடகு வைத்துத்தான் கட்டினேன். வீட்டுக்காரர் ராத்திரி பஸ் ஏறி வந்து ஒரு நாள் இருந்துவிட்டுப் போனார். அவர் போன அன்றைக்கே மறுபடி தண்ணீராகப் போனபோது எனக்குக் கோபம்தான் வந்தது, அழுகை வரவில்லை. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

இனி மோஷன் டெஸ்ட்டுக்கு வருகிறேன், இந்தக் கதையில் முக்கியமே இதுதான். நர்சிங் ஹோமில் எழுதிக்கொடுத்த டெஸ்ட்டை எங்கள் தெருப்பக்கம் இருக்கும் ஒரு கலெக்‌ஷன் சென்டரில் கொடுத்தேன். காலை எட்டு மணிக்குக் கொண்டு போனேன். அங்கே இருந்த பையன் டப்பாவில் பெயர் எழுதி, ஃபேனுக்குக் கீழே மேஜையில் ஏற்கெனவே வரிசையாக இருந்த யூரின் டப்பாக்களோடு வைத்தான். எப்போது லேபுக்குப் போகும் என்று கேட்டதற்கு, “சாயந்திரம் பைக்ல அண்ணே வந்து எடுத்துட்டுப் போவாருக்கா” என்றான். மறுநாள் ரிப்போர்ட்: ஒட்டுண்ணி, முட்டை, சிஸ்ட் (ஒட்டுண்ணி கூட்டுக்குள் இருக்கும் நிலை) எதுவும் காணப்படவில்லை. மதுரை வெயிலில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்த மோஷனில் என்னத்தைக் காண்பது? ஜியார்டியா, அமீபா மாதிரியான ஒட்டுண்ணிகள் உயிரோடு நகருகிற நிலையில் இருந்தால், வெளியே வந்து கொஞ்ச நேரத்திலேயே செத்துச் சிதைந்துவிடும். தண்ணீராகப் போன மோஷன் என்றால் அரை மணி நேரத்துக்குள் மைக்ராஸ்கோப்புக்குக் கீழே போக வேண்டும். நான் அந்த நார்மல் ரிப்போர்ட்டைப் பத்திரமாக ஃபைலில் வைத்துக்கொண்டு அடுத்த டாக்டரிடமும் காட்டினேன். அவரும் பார்த்துவிட்டு, ஒட்டுண்ணி இல்லை, வேறு சிரப் தருகிறேன் என்றார்.

கடையில் என்னோடு வேலை பார்க்கும் மதினி சொல்லித்தான் அண்ணா நகர்ப் பக்கம் ஒரு குழந்தை டாக்டரம்மாவிடம் போனேன். அவர் ஃபைலைத் திறக்கும் முன்னால் பையனை எடை போட்டார். தடுப்பூசி அட்டையில் இருந்த எடையை விட ஒரு கிலோவுக்கு மேல் குறைந்திருந்தான். எத்தனை நாளாக என்று கேட்டார். 14 நாளைத் தாண்டிவிட்டால் அதற்கு நீடித்த வயிற்றுப்போக்கு என்று தனிப் பெயர், அப்போது யோசிக்க வேண்டிய கிருமிகளின் பட்டியலே மாறிவிடும், ஒட்டுண்ணிகள் மேலே வந்துவிடும் என்றார். ரோட்டா வைரஸ் பேதிக்கான சொட்டு மருந்து கொடுத்திருந்ததையும் அட்டையில் பார்த்துக்கொண்டார். அப்புறம் லேப் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, “இதுல எந்த ஸ்டெயின் போட்டாங்கனு கேட்டீங்களாம்மா?” என்றார். எனக்கு ஸ்டெயின் என்றால் துணியில் படும் கறைதான் தெரியும். கிருமி கண்ணுக்குத் தெரிவதற்காக லேபில் போடும் சாயம்தான் அது. சாதாரண மோஷன் டெஸ்ட்டில் கிரிப்டோஸ்போரிடியம் என்கிற ஒட்டுண்ணி ஏறக்குறைய கண்ணுக்குப் படவே படாது. அது 4 முதல் 6 மைக்ரான், ரத்தச் சிவப்பணுவை விடச் சின்னது. பார்க்க ஈஸ்ட் மாதிரி இருக்கும். அதற்கென்று தனியாக ‘மாடிஃபைடு ஆசிட் ஃபாஸ்ட் ஸ்டெயின்’ என்று எழுதிக் கேட்டால்தான் போடுவார்கள், கேட்காவிட்டால் போட மாட்டார்கள், ரிப்போர்ட்டில் ‘இல்லை’ என்று மட்டும் வரும். பார்க்காததையும் இல்லாததையும் ஒரே வார்த்தையில் எழுதிவிடுகிறார்கள், எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் இதுதான்.

இன்னொன்று, ஒரே ஒரு சாம்பிள் போதாது. இந்த ஒட்டுண்ணிகள் தினமும் ஒரே அளவில் வெளியே வராது, ஒரு நாள் நிறைய இருக்கும், ஒரு நாள் சுத்தமாக இருக்காது. ஜியார்டியா இதில் ரொம்ப மோசம். அதனால் வெவ்வேறு நாளில் மூன்று சாம்பிள் கேட்கிறார்கள். எடுக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. டயாபரில் எடுக்க முடியாது, தண்ணீரை எல்லாம் அது குடித்துவிட்டு மேலே வெறும் பசைதான் இருக்கும். டயாபருக்குள் சுத்தமான பாலிதீன் கவரை விரித்துக் கட்டினேன். கவர் நழுவியும், ஒண்ணுக்குப் போய்க் கலந்தும் சில தடவை வீணாயிற்று, ஒண்ணுக்கு கலந்தால் அந்த சாம்பிள் ஆகாது. கிடைத்ததை டப்பாவோடு வரும் சின்னக் கரண்டியால் சளி இருக்கிற இடமாகப் பார்த்து எடுத்து, நேரத்தை டப்பாவிலேயே எழுதி, பையனை மாடி வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் நேராக மைக்ராஸ்கோப் இருக்கும் லேபுக்கே போனேன். நீங்களும் கலெக்‌ஷன் சென்டரைத் தவிர்த்துவிட்டு, இங்கேயே பார்ப்பீர்களா, எத்தனை மணிக்குப் பார்ப்பீர்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். மூஞ்சியைச் சுளிப்பார்கள், பரவாயில்லை. நானூறு ரூபாய்க்குள் முடிந்த டெஸ்ட் இது. பத்துப் பதினைந்து கிருமிகளை ஒரே நேரத்தில் பார்க்கும் பி.சி.ஆர். டெஸ்ட்டும் இருக்கிறது, விலையைக் கேட்டதும் வந்த வழியே திரும்பிவிட்டேன்.

இரண்டாவது சாம்பிளில் கிரிப்டோஸ்போரிடியம் கிடைத்தது. லேபில் இருந்த பெண் என்னைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். நீலப் பின்னணியில் குங்குமத்தைத் தொட்டு வைத்தமாதிரி சின்னச் சின்னதாக இளஞ்சிவப்பு வட்டங்கள். காசநோய்க் கிருமிக்குப் போடும் அதே சிவப்புச் சாயத்தைத்தான் கொஞ்சம் மாற்றிப் போடுகிறார்கள். இவ்வளவு நாள் கண் திருஷ்டி, பல், குடலேற்றம் என்று பெயர் மாறி மாறி வந்தது கடைசியில் இதுதானா என்று இருந்தது. நிம்மதி என்றுகூடச் சொல்லலாம்.

வீட்டுக்கு வந்து இதைப் பற்றித் தேட ஆரம்பித்தேன். ஜியார்டியாவை 1681-லேயே மைக்ராஸ்கோப் முன்னோடி லேவன்ஹூக் தன்னுடைய மலத்தையே லென்ஸில் வைத்துப் பார்த்துக் கண்டிருக்கிறார். கிரிப்டோஸ்போரிடியத்தை 1907-ல் டைசர் என்பவர் எலியின் உடலில் கண்டு எழுதினார். மனிதனுக்கும் இது வரும் என்று தெரிந்ததே 1976-ல்தான். அப்புறம் ரொம்ப காலம் இது எய்ட்ஸ் நோயாளிகளுக்கு வரும் தொல்லை என்றே நினைத்திருக்கிறார்கள். 1993-ல் அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் குழாய்த் தண்ணீர் வழியாக ஏறக்குறைய நான்கு லட்சம் பேருக்குப் பரவியது. குழந்தைகள் விஷயத்தில் இது எவ்வளவு பெரிய ஆள் என்பது 2013-ல் வெளியான ஜெம்ஸ் என்கிற ஆய்வில்தான் தெளிவாகத் தெரிந்தது. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் கொல்கத்தா உட்பட ஏழு இடங்களில், மோசமான வயிற்றுப்போக்கு வந்த 9,439 குழந்தைகளை, வராத 13,129 குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். ரோட்டா வைரஸ், கிரிப்டோஸ்போரிடியம், ஒரு வகை ஈ.கோலை பாக்டீரியா, ஷிகெல்லா பாக்டீரியா இந்த நான்கும்தான் முன்னால் நின்றன. ஒரு வயதுக்குக் கீழே ரோட்டாவுக்கு அடுத்த இடமே கிரிப்டோதான். ரோட்டாவுக்குச் சொட்டு மருந்து வந்துவிட்டது. இதற்குத் தடுப்பு மருந்து இன்னும் இல்லை.

மருந்தும் பெரிதாக இல்லை. அந்த சிரப்பில் இருந்த ஆர்னிடசோல் ஜியார்டியா, அமீபா இரண்டையும் அடிக்கும், கிரிப்டோவை ஒன்றும் செய்யாது. பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் பூச்சி மாத்திரையான அல்பெண்டசோல் ஒரு வேளை கொடுப்பதும் இதற்கு உதவாது, அது குடற்புழுவுக்கு. இதற்கென்று அமெரிக்காவில் அங்கீகாரம் உள்ள ஒரே மருந்து நிட்டசாக்சனைடு, அங்கே 2002-ல் குழந்தைகளுக்கு அனுமதித்தார்கள். ஒரு வயது முதல் மூன்று வயது வரை வேளைக்கு 100 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, மூன்று நாள், சாப்பாட்டோடு. அதுவும் எல்லாக் குழந்தைக்கும் கேட்பதில்லை. சாம்பியாவில் சத்துக் குறைந்த குழந்தைகளிடம் நடந்து அதே 2002-ல் வெளியான ஆய்வில், எச்.ஐ.வி. இல்லாதவர்களில் மருந்து எடுத்தவர்களில் 56 சதவீதம் பேருக்கும் வெறும் போலி மருந்து எடுத்தவர்களில் 23 சதவீதம் பேருக்கும் வயிற்றுப்போக்கு நின்றது. எச்.ஐ.வி. இருந்த குழந்தைகளுக்குப் பலனே இல்லை. தொழுநோய்க்குக் கொடுக்கும் குளோஃபசிமின் மாத்திரையையும் மலாவியில் எச்.ஐ.வி. உள்ள பெரியவர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. டாக்டரம்மா இதை எல்லாம் மறைக்காமல், “மருந்து பாதி, நீங்க கொடுக்குற தண்ணியும் சாப்பாடும் பாதி” என்று சொல்லித்தான் எழுதிக் கொடுத்தார். பல மெடிக்கலில் இல்லை என்று சொன்னார்கள், டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு பெரிய கடையில் கிடைத்தது. சிரப்பை கொடுத்தால் ஒண்ணுக்கு நல்ல மஞ்சளாகப் போகும், அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

மூன்று நாளில் தண்ணீராகப் போவது குறைந்தது. ஆனால் முழுசாக நிற்கவில்லை, பால் குடித்த ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பி, புளித்த வாடையோடு நுரைத்துப் போனான், ஆசனவாய் சுற்றிப் புண். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து மறுபடி ஓடினேன். அது கிருமி இல்லை, குடலின் உட்சுவர் அரித்துப் போனதால் பால் சர்க்கரையைச் செரிக்கும் சக்தி கொஞ்ச நாளைக்குப் போயிருக்கிறது என்றார். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை என்றால் நிறுத்தவே கூடாது. என் பையன் டம்ளர் பாலுக்கு மாறியிருந்ததால் பாக்கெட் பாலை மட்டும் இரண்டு மூன்று வாரம் நிறுத்தி, தயிர்சாதம், இட்லி, பாசிப்பருப்பு போட்டுக் குழைத்த சாதம், வாழைப்பழம், மேலே ஒரு ஸ்பூன் எண்ணெய் என்று கொடுக்கச் சொன்னார். வயிறு போகும்போது கஞ்சித் தண்ணீர் மட்டும் கொடுத்துப் பட்டினி போடுவது நம் ஊரில் வழக்கம், எடை இறங்குவதில் பாதி அதனால்தான். இந்த விஷயம் தெரியாவிட்டால் இங்கேயும் இன்னொரு ஆன்டிபயாடிக்குக்குத்தான் போயிருப்போம்.

தண்ணீர் விஷயத்தில் எனக்கு ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. நோய் ஆரம்பித்ததுமே கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீரை விட்டுவிட்டுக் கேன் தண்ணீருக்கு மாறியிருந்தேன். வேலூரில் இதைப் பற்றியே ஒரு ஆய்வு நடந்திருக்கிறது, ஒரு பகுதிக் குழந்தைகளுக்குப் பாட்டில் தண்ணீர், இன்னொரு பகுதிக்கு நகராட்சித் தண்ணீர் கொடுத்துப் பார்த்ததில், பாட்டில் தண்ணீர் குடித்தவர்களுக்குக் கிரிப்டோ குறைவாக வரவில்லை. அதாவது தண்ணீர் ஒரு வழிதான், ஆளிடமிருந்து ஆளுக்கு, கையிலிருந்து வாய்க்குப் போகும் வழி அதைவிடப் பெரிது. அதற்காகத் தண்ணீரை விட்டுவிடலாம் என்று இல்லை. தொட்டியில் போடும் குளோரினுக்கு இந்தக் கிருமி சாகாது, நாள் கணக்கில் தாங்கும். தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு ஒரு நிமிஷம் வைத்தால் செத்துவிடும், கேன் தண்ணீரையும் அப்படித்தான் செய்கிறேன். கைக்குத் தேய்க்கும் சானிடைசருக்கும் இது மசியாது, சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவினால்தான் போகும். கால் கழுவிவிட்ட கையோடு சோறு பிசைவதற்கு நடுவில் சோப்பு வர வேண்டும், எங்கள் வீட்டில் மாறியது இது ஒன்றுதான். பேதி நின்ற பிறகும் இரண்டு வாரம் வரை மோஷனில் கிருமி வெளியேறும், அதுவரை மற்ற பிள்ளைகளோடு ஒரே தொட்டியில் குளிக்கவிடக் கூடாது. ஊரில் மாமியார் வீட்டுக் கன்றுக்குட்டிக்கும் அப்போது கழிசல் என்று அப்புறம் தெரிந்தது, கன்றுகளிடம் இருக்கும் வகையும் மனிதனுக்கு ஒட்டும். அதிலிருந்துதான் வந்தது என்று சொல்லிவிட முடியாது. அத்தையிடம் பக்குவமாகச் சொன்னேன், “மாட்டுக்கொட்டம் என்ன இன்னிக்கு நேத்தா இருக்கு?” என்று கோபித்துக்கொண்டார், ஆனாலும் இப்போது பேரன் வந்தால் தொழுவத்துப் பக்கம் விடுவதில்லை.

இதைப் படித்துவிட்டு எல்லா வயிற்றுப்போக்குக்கும் ஸ்டெயின், நிட்டசாக்சனைடு என்று ஓட வேண்டாம். பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள் தானாக நிற்பவை, அதற்கு ஓ.ஆர்.எஸ்.ஸும் ஜிங்க்கும் சாப்பாடும் போதும். பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரையைக் குழந்தைக்கு உடைத்துக் கொடுக்கவே கூடாது. ரத்தமாகப் போனால், குடித்ததெல்லாம் வாந்தியானால், கண் உள்ளே போனால், ஆறேழு மணி நேரமாக ஒண்ணுக்கே போகாவிட்டால், துவண்டுபோய் எழுப்பினால் எழாவிட்டால், நாள் எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரி. 14 நாள் தாண்டினால் ஒட்டுண்ணிக்குப் பார்த்தாயிற்றா, எந்த முறையில், எத்தனை சாம்பிள் என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். போன மாதம் மாடி வீட்டு அக்காவின் பேத்திக்குத் தண்ணீராகப் போனது. “ஏத்தா, ஒம் மகனுக்குக் கொடுத்தியே, அந்த மருந்து பேரு என்ன?” என்று சீட்டும் பேனாவுமாக வந்தார். பெயரைச் சொல்லாமல், மிச்சமிருந்த ஜிங்க் மாத்திரையின் தேதியைப் பார்த்துக் கொடுத்து, ஒரு லிட்டர் பாட்டிலில் ஓ.ஆர்.எஸ். கலந்து காட்டி அனுப்பினேன். அந்த வாரத்துக்குள்ளேயே பிள்ளைக்குச் சரியாகிவிட்டது. பல் முழுசாக வெளியே வந்துவிட்டது, அதனால்தான் நின்றது என்று அக்கா சொல்லிக்கொண்டிருக்கிறார்.